இடக்கையால் உண்ட சாமி

சிட்னியில் எனக்கு முதலில் கிடைத்த பேச்சுத்துணை ஒரு வெள்ளைக்காரர். நாங்கள் பேசிய மொழி மலாய். இதைச் சொன்னால் இன்றைக்கும் ஆட்கள் நம்புவதில்லை.

எழுபதுகளின் நடுவில், வெள்ளையர் அல்லாதவர்களும் குடியேறலாம் என்று அந்த நாட்டுச் சட்டம் மாறிய பிறகு, மகன் என்னை ஜொகூரிலிருந்து கூப்பிட்டுக்கொண்டான். படிக்கப் போனவன் அங்கேயே இஞ்சினியராகி, கூடப் படித்த யாழ்ப்பாணத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, ஹோம்புஷில் வீடும் வாங்கியிருந்தான். காலையில் இரண்டு பேரும் ரயிலேறிப் போய்விடுவார்கள். அவன் ஆபீஸுக்கு, மருமகள் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்க. நான் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்று, பால்மரம் வெட்டியே மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவள். சும்மா உட்கார்ந்து பழக்கமில்லை. ஆகவே துணி துவைத்தேன். வேறு வேலை இல்லாததால் துவைத்த துணியையே மறுநாளும் துவைத்தேன்.

அப்படி ஒரு நாள் பின்வளவில், குடை மாதிரிச் சுற்றும் கொடியில் என் சிவப்புச் சேலையை விரித்துக்கொண்டிருந்தபோது, பலகை வேலிக்கு மேலே ஒரு வழுக்கைத் தலை தெரிந்தது.

"சுடா மாக்கான்?" என்றது அந்தத் தலை.

சாப்பிட்டாச்சா என்று மலாயில் கேட்கிறது! எனக்குச் சேலை கைநழுவிப் புல்லில் விழுந்தது. மறுபடி துவைக்க ஒரு சாக்குக் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் சண்டைக் காலத்தில் மலாயாவில் சிப்பாயாக இருந்து, ஜப்பான்காரனிடம் பிடிபட்டு மூன்றரை வருஷம் சிறையில் கிடந்தவர். வெளிவேலைக்குக் கொண்டுபோகும்போது, ரோட்டோரம் வாழைப்பழம் விற்றவர்களிடம் பேசிப் பேசி மலாய் பழகினாராம். அதனால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் சாப்பாட்டுப் பேச்சும் திட்டும்தான். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

பழக்க தோஷத்தில் அவரைத் 'துவான்' என்றேன். தோட்டத்தில் வெள்ளைக்காரரை வேறு எப்படிக் கூப்பிடுவது? அவர் முகம் சுளித்தார்.

"துவானும் வேணாம், துரையும் வேணாம். நான் தச்சு வேலை பார்த்தவன்."

"அப்படின்னா அண்ணேன்னு கூப்பிடுறேன். எனக்கு மூத்த ஆம்பளைங்க எல்லாரும் அண்ணந்தான்."

அதன் பொருளைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அன்று முதல் வேலியைத் தட்டி, "அண்ணே வந்திருக்கேன்," என்று அவரே தன்னைச் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார். மருமகளுக்கு இது பெரிய வேடிக்கை.

"மாமி, நான் இஞ்ச வந்து ஏழு வருசம். உந்த மனுசன் குட் மோர்னிங்குக்கு மேல என்னோட ஒண்டும் கதைச்சதில்லை. நீங்கள் வந்து ஏழு நாள், அதுக்குள்ள அண்ணன் தங்கச்சி ஆகிட்டியள்!"

"வாய் இருக்கணும் பிள்ளே," என்றேன்.

ஏப்ரல் மாதத்தில் அங்கே இறந்துபோன பட்டாளத்துக்காரர்களை நினைக்கும் நாள் ஒன்று உண்டு. அன்று அண்ணன் கோட்டுப் போட்டு, நெஞ்சில் மெடல்களைக் குத்திக்கொண்டு ஊர்வலம் போய், மத்தியானம் திரும்பினார். வேலியில் முழங்கையை ஊன்றித் தன் கூட்டாளிகளைப் பற்றிச் சொன்னார். செத்தவர்களைப் பற்றிச் சொல்லும்போது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. காணாமல் போனவர்களைப் பற்றிச் சொல்லும்போதுதான் மாறியது. ஜொகூர்க் காட்டில் பின்வாங்கிய நாட்களில் பலர் சிதறிப் போனார்களாம். எலும்பும் கிடைக்கவில்லை, தலைமாட்டுக்கு ஒரு கல்லும் இல்லை என்றார்.

"எங்க தோட்டத்துல ஒரு வெள்ளைக்காரப் பட்டாளத்தான் இருக்காரே," என்றேன்.

"அங்கே என்ன வேலை பார்க்கிறார்?"

"வேலை இல்லண்ணே. சாமியா இருக்காரு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் ஆரம்பத்திலிருந்து சொன்னேன்.

எனக்கு அப்போது பதினாறு வயது. ஜப்பான்காரர்கள் சைக்கிளில் வந்து எங்கள் தோட்டத்தைத் தாண்டிப்போன நாலாம் நாள், விறகுக்குப் போன என் அப்பா, பால்மரத்தடியில் ஒரு வெள்ளைக்காரன் காய்ச்சலில் கொதித்தபடி கிடப்பதைக் கண்டார். அவனைக் கோணியில் சுற்றி, விறகோடு விறகாக மாட்டு வண்டியில் போட்டுக்கொண்டுவந்து, எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னாலிருந்த ஆட்டுக் கொட்டகைப் பரணில் படுக்கவைத்தார். ஜப்பான்காரன் கண்டுபிடித்தால் குடும்பத்தோடு வெட்டுவான். அம்மா போய்க் கஞ்சி காய்ச்சினாள். கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. பதினொரு நாள் கொடுத்தேன். பன்னிரண்டாம் நாள் குடிக்க ஆள் இல்லை.

தோட்டத்து எல்லையில் முனியாண்டி கோயில் ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில் அப்பா அவனைப் புதைத்தார். சட்டையையும் கழுத்தில் கிடந்த, பேர் பொறித்த பட்டாளத்து வில்லையையும் அடுப்பில் போட்டுவிட்டார். ஆனால் புது மண்ணை எங்கே ஒளிப்பது? ஓர் ஆற்றங்கல்லை மேலே நட்டு, மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் குத்திய சூலத்தையும் ஊன்றினார். இரண்டு நாள் கழித்து ஜப்பான் சிப்பாய்கள் இரண்டு பேர் வந்து, இது என்ன என்று துப்பாக்கியால் கல்லைத் தட்டினார்கள். அப்பா தடாலென்று விழுந்து கும்பிட்டார். அவர் விழுந்ததும் பின்னால் நின்ற லயமே விழுந்தது. பாதிப் பேருக்கு எதற்கு விழுகிறோம் என்றே தெரியாது. சிப்பாய்களில் ஒருத்தன் தொப்பியைக் கழற்றி, குனிந்து கும்பிட்டுவிட்டுப் போனான்.

அதோடு முடிந்திருக்க வேண்டிய காரியம். ஆனால் விழுந்து கும்பிட்ட கல்லை அப்புறம் சும்மா விட முடியுமா? ஒருத்தி பிள்ளையின் காய்ச்சலுக்கு வேண்டிக்கொண்டாள். காய்ச்சல் இறங்கிவிட்டது. ஒருத்தர் தொலைந்துபோன மாட்டுக்கு வேண்டிக்கொண்டார். மாடு தானாக வந்து நின்றது. சண்டை முடிந்து துரைமார் திரும்பி வருவதற்குள் அவன் அவராகி, சாமியாகி, வருஷத்துக்கு ஒரு படையலும் வாங்க ஆரம்பித்துவிட்டார். துரைமார் யாரும் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் வழக்கம் தோட்டத்தில் கிடையாது.

ஜப்பான்காரன் கும்பிட்ட இடத்தில் அண்ணன் சிரித்த சிரிப்பில் மெடல்கள் கிலுகிலுத்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"ஒரு அடையாளமும் இல்லையா, தங்கச்சி?"

"அந்தச் சாமிக்கு மட்டும் நாங்க எலையைத் திருப்பிப் போடுவோம்."

நம் இலையில் நுனி, சாப்பிடுகிறவருக்கு இடப்பக்கம் வர வேண்டும். அந்தச் சாமிக்கு நுனி வலப்பக்கம். ஏனென்றால் அவர் உண்டது இடக்கையால். வலக்கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் அடியோடு கிடையாது. முதல் வருஷப் படையலில் யாரோ இலையைச் சரியாகப் போடப் போனபோது அப்பா, "அவர் கைக்குத் தக்கபடி போடு," என்று திருப்பினார். காரணம் தெரியாமலே எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

அண்ணன் சிரிப்பை நிறுத்தினார். "ரெண்டு விரலா? வலக்கையிலா?" என்று இரண்டு தடவை கேட்டு, பென்சில் எடுக்க உள்ளே போனார்.

அண்ணன் எழுதிப் போட்டதன் பேரில், ஜூன் மாதக் குளிரில், பட்டாளத்து ஆபீஸிலிருந்து ஓர் இளம் அதிகாரி கேள்விகள் அச்சடித்த பாரத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். மகன் மொழிபெயர்த்தான். நான் கடலைப்பருப்பில் வடை சுட்டு வைத்தேன். அதிகாரி கேள்விக்கு ஒன்றாக ஒன்பது வடை சாப்பிட்டார்.

உயரம் என்ன என்று கேட்டார். படுத்தே கிடந்தவனின் உயரத்தை நான் எப்படிச் சொல்வது? "பரண்லேருந்து காலு ரெண்டும் வெளியில நீட்டிக்கிட்டு இருக்கும்," என்றேன். மகன் அதை ஆறடி என்று மாற்றிச் சொன்னான்.

என்ன சாப்பிடுவார் என்று கேட்டார். அங்கேதான் நான் தவறு செய்தேன். அவர் கேட்டது பதினொரு நாள் பரணில் கிடந்தவனைப் பற்றி. நான் சொன்னது முப்பது வருஷத்துக்கு மேலாகப் படையல் வாங்கும் சாமியைப் பற்றி.

"உப்புக் கஞ்சி, அவிச்ச மரவள்ளிக் கெழங்கு, சுருட்டு, ஒரு போத்தல் கள்ளு," என்று அடுக்கினேன்.

மகன் தயங்கினான். "அம்மா, கள்ளுமா?"

"ஆமாப்பா. கள்ளுன்னா உசிரு."

அதிகாரி அதையும் பாரத்தில் எழுதிக்கொண்டு, பத்தாவது வடையையும் எடுத்துக்கொண்டு போனார்.

பழைய பதிவுகளில் தேடிப் பார்த்தார்கள். ஜொகூரில் காணாமல் போனவர்களில் அப்படி ஒரு கை இருந்தவர் ஒரே ஒருவர். அவருக்கு மெல்பர்னில் ஓர் அக்கா மட்டும் உயிரோடு இருந்தார். சொந்தக்காரர் கேட்டுக் கையெழுத்துப் போட்டால்தான் வேற்று நாட்டில் ஒரு குழியைத் திறக்க முடியும் என்பதால், பாரத்தில் இருந்ததையெல்லாம் சொல்லி அந்த அம்மாவுக்கு எழுதினார்கள். ஆகஸ்ட் கடைசியில் பதில் வந்தது. அண்ணன் அதைக் கேட்டுவந்து வேலியில் நின்றார். அன்று சாப்பிட்டாச்சா என்று கேட்கவில்லை.

"அவ தம்பி இல்லையாம். தம்பி பதினாலு வயசுல சர்ச்சு சபையில சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டவனாம், குடி, புகை ரெண்டும் தொடறதில்லைன்னு. மலாயாவுலேருந்து எழுதின கடைசிக் கடுதாசியிலகூட, 'எல்லாரும் குடிக்கிறாங்க, நான் எலுமிச்சைத் தண்ணிதான்'னு எழுதியிருக்கானாம். கள்ளுக்கு உசிர விடுற ஆளு வேற யாரோவாம். தம்பி பேரால அந்தக் குழியைத் தொடாதீங்கன்னு எழுதிட்டா."

எனக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. தாராளமாகச் சொல்லிவிட்ட ஒரு போத்தல் கள்ளால் ஓர் அக்காவுக்குத் தம்பி இல்லாமல் போனான். இரண்டு நாள் துணி துவைக்கவில்லை. மருமகள் அதைக் கவனித்துவிட்டாள். அவளுக்கு அப்போது மூன்றாம் மாதம், காலையில், அவள் குசினிக் கதிரை என்று சொல்லும் அடுப்படி நாற்காலியில் உட்கார்ந்து இஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"மாமி, உண்மையைச் சொல்லுங்கோ. அந்த ஆள் கள்ளுக் குடிச்சவரோ?"

"காய்ச்சக்காரனுக்கு யாரு பிள்ளே கள்ளு ஊத்துவா?"

"அப்ப ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

சொன்னேன். இரண்டாம் வருஷப் படையலின்போது எங்கள் கங்காணி, "கள்ளு இல்லாத முனி எந்த ஊர்ல இருக்கு?" என்று கேட்டார். சாமி கேட்கிறார் என்றார்கள். சாமிக்கு ஒரு போத்தல், சாமியைக் கும்பிட வந்த ஆம்பிளைகளுக்கு ஒரு பீப்பாய். சுருட்டும் அப்படி வந்து சேர்ந்ததுதான். வருஷா வருஷம் சொல்லிச் சொல்லி, பக்கத்தில் இருந்து கஞ்சி கொடுத்த நானே நம்பிவிட்டேன்.

மருமகள் இஞ்சித் தண்ணீர் புரையேறச் சிரித்தாள். "ஐயோ மாமி! எங்கட ஊர் வைரவருக்கும் உதே கதைதான். சரி, இப்பவே அந்த அம்மாவுக்குக் கடிதம் எழுதுவம்."

"கடுதாசி வேணாம். நம்ம ஆம்பளைங்க வண்டவாளத்தை எழுத்துல குடுக்க மாட்டேன். நேர்ல வந்து சொல்றேன்னு கேளு."

பள்ளிக்கூட விடுமுறையில் நானும் அவளும் மெல்பர்னுக்குப் பகல் ரயில் ஏறினோம். புளிச்சோறு கட்டிக்கொண்டு போனேன். அவள் பாதி வழி தூங்கினாள். நான் சன்னலில் ஆடுகளை எண்ணிக்கொண்டு, சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மா அறுபது தாண்டிய, நெடுநெடுவென்ற பெண்பிள்ளை. மரியாதையாகக் கதவைத் திறந்தார், மரியாதையாகத் தேநீர் வைத்தார், சிரிக்கவில்லை. மேசையில் மூன்று வாலிபர்களின் படங்களை வரிசையாக வைத்தார். எங்கள் பேச்சையெல்லாம் மருமகள்தான் இரண்டு பக்கமும் மாற்றிச் சொன்னாள்.

"மாமி, இதில ஆர் எண்டு கேக்கிறா."

மூன்று படத்தையும் எடுத்து எடுத்துப் பார்த்தேன். நான் கண்ட முகம் தாடியும் காய்ச்சலும் எலும்புமாக இருந்த முகம். "தெரியலைன்னு சொல்லு," என்றேன்.

மருமகள் என் முழங்கையை இடித்தாள். "மாமி, வடிவாப் பாருங்கோ."

"பார்த்துட்டேன். தெரியலைன்னா தெரியலைதான்."

அந்த அம்மா படங்களை மெல்ல அடுக்கி வைத்தார். முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்து, என்ன சாப்பிட்டான் என்று கேட்டார். இந்த முறை பரணில் கிடந்தவனைப் பற்றி மட்டும் சொன்னேன்.

"எங்கம்மா ஒளிச்சு வச்சிருந்த சீனியைக் கஞ்சியில போட்டுக் குடுத்தாங்க. ஒரு வாய் குடிச்சுட்டு மூஞ்சியைச் சுளிச்சான். செரட்டையில இருந்த உப்பைக் காட்டினான். அப்புறம் பதினோரு நாளும் உப்புக் கஞ்சிதான்."

அந்த அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். அவர்கள் வீட்டில் ஓட்ஸ் கஞ்சிக்குச் சீனி போட்டால் தாயார் அதைப் பாவமாக நினைப்பாராம். மேலே சொல்லச் சொன்னார்.

"வெரல் எங்க போச்சுன்னு ஜாடையில கேட்டேன். ரெண்டு கையையும் பெரிய வாயாட்டம் தொறந்து, லபக்குன்னு மூடிக் காட்டினான். மொதலை கடிச்சிருச்சுன்னு. நானும் நம்பிட்டேன்."

மருமகள் அதைக் கையாலேயே செய்து காட்டினாள். அந்த அம்மா அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"மரம் அறுக்கும் மில்லில் போன விரல் அது," என்றார். "சபைக் குழந்தைகளிடம் சுறா என்பான். பக்கத்து வீட்டுக் குட்டியிடம் சிங்கம் என்பான். குழந்தைகளிடம் அவன் ஒரு நாளும் உண்மையைச் சொன்னதில்லை. உன்னையும் குழந்தை என்று நினைத்திருக்கிறான்."

"பதினாறு வயசு! எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கிட்டு இருந்தாங்க," என்றேன் ரோஷமாக. அதைக் கேட்டதும் அந்த அம்மா சிரித்தார். சிரிப்பு முடிகிற இடத்தில் அழுகையும் வந்தது.

பிறகு, "தனியாகவா போனான்?" என்று கேட்டார்.

"இல்லம்மா. தலை எங்கம்மா மடியில இருந்துச்சு. நான் காலைப் பிடிச்சிருந்தேன்."

அந்த அம்மா எழுந்துபோய்ச் சன்னலருகே நின்றார். மருமகள் மூக்கை உறிஞ்சினாள். நான் கள்ளுக் கதையை எடுத்தேன். எப்படியும் சொல்லித்தானே ஆக வேண்டும்? கங்காணி, பீப்பாய், எதையும் மறைக்கவில்லை. திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"இத்தனை வருஷம் என் தம்பி பேரைச் சொல்லிக் குடித்தார்களா!" அந்த அம்மா திரும்பியபோது முகமெல்லாம் ஈரம், தோள் சிரிப்பில் குலுங்கியது. "எங்கள் அம்மா உயிரோடு இருந்திருந்தால் கப்பலேறிப் போய் அந்தக் கள்ளுக்கடையைக் கொளுத்தியிருப்பாள்."

நாங்கள் புறப்படுமுன் பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். நானும் வாக்குக் கொடுத்தேன், தம்பியை எடுத்துத் தருகிறேன் என்று.

வாக்குக் கொடுத்தது சுலபம். தோட்டத்தில் கோயில் தலைவர் என் சொந்தத் தம்பி. அவனுக்கு மகனைக் கொண்டு எழுதினேன். பதில் வந்தது.

"அக்காவுக்கு, இங்கே எல்லாரும் சுகம். சாமியைத் தர முடியாது. வெள்ளைக்கார அம்மாவுக்குச் சாமியைத் தூக்கிக் கொடுக்கிறேன் என்று எங்களைக் கேட்காமல் எப்படி வாக்குக் கொடுத்தாய்? ஆடு கேட்டால் கொடுக்கலாம், மாடு கேட்டால் கொடுக்கலாம். பூக் கட்டிப் போட்டுச் சாமியையே கேட்டோம். வெள்ளைப் பூ வந்தால் போகிறார், சிவப்பு வந்தால் இருக்கிறார் என்று வைத்தோம். சிவப்புத்தான் வந்தது. மருமகளுக்கு மாங்காய் ஊறுகாய் அனுப்புகிறேன்."

மகனிடம் சொல்லித் தோட்டத்து ஆபீஸுக்கு டிரங்கால் போடச் சொன்னேன். கடல் இரைச்சலுக்கு நடுவே தம்பியின் குரல் வந்தது.

"அக்கா, பூ சொல்லிருச்சு. இனிமே பேசாதே."

"பூ இருக்கட்டும்டா. நம்ம முனியாண்டி எங்கேருந்து வந்தாரு?"

"தாத்தா ஊர்க் கோயில்லேருந்து பிடிமண் எடுத்துக் கப்பல்ல கொண்டாந்தாரு. அதுக்கென்ன இப்போ?"

"ஒரு பிடி மண்ணு எடுத்ததால ஊர்ல இருக்கிற முனி கொறைஞ்சு போனாரா?"

கடல் மட்டும் இரைந்தது. மகன் கடிகாரத்தைக் காட்டினான்.

"நீங்க பிடிமண் எடுத்துப் பக்கத்துலயே நடுங்க. கல்லும் சூலமும் உங்களுக்கு. அது உங்க சாமி, எங்கேயும் போகாது. எலும்பு அவங்க அம்மா வீட்டுது."

"சிவப்புப் பூ வந்துச்சே?"

"நீங்க சாமியைத்தானேடா கேட்டீங்க? சாமி இருக்கேன்னுதான் சொல்லும். அந்தப் பட்டாளத்தானைக் கேட்டீங்களா? பதினோரு நாளும் என்னைப் பார்த்தா 'ஹோம், ஹோம்'னு ஒரே சொல்லுதான். நான் படிச்ச மொத இங்கிலீஷ் அது. அவனுக்கு யாரு பதில் சொல்றது?"

தம்பி பக்கத்தில் யாரிடமோ கலந்து பேசும் சத்தம் கேட்டது. காசு கட்டிய மூன்று நிமிஷமும் தாண்டிவிட்டது.

"சரி," என்றான். "பிடிமண் எடுத்துட்டு மறுபடி பூப் போடுறோம்."

இந்த முறை வெள்ளை வந்தது என்று எழுதினான். எத்தனை தடவை போட்டார்கள் என்பதை எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

அதன் பிறகு அதிகாரி ஒரு டாக்டரோடு அங்கே போனார். தேங்காய் உடைத்து, பிடிமண் எடுத்துப் புது இடத்தில் நட்ட பிறகு குழியைத் திறந்தார்கள். டாக்டர் எலும்புகளை வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தாராம். வலக்கைக்கு வந்ததும் லயமே மூச்சை அடக்கி நின்றதாம். இரண்டு விரலுக்கு எலும்பு இல்லை. மில்லில் அடிபட்டபோது மருத்துவமனையில் எழுதிவைத்த குறிப்போடு அந்தக் கை அச்சாக ஒத்துப்போயிற்று. பேர் உறுதியாயிற்று.

அந்தச் சண்டையில் இறந்தவர்களை, உடன் சண்டை போட்டவர்களோடு அங்கேயே பட்டாளத்துக் கல்லறையில் அடக்கம் செய்வதுதான் அவர்கள் வழக்கமாம். மெல்பர்னுக்குக் கொண்டுவர முடியாது என்று அதிகாரி தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்த அம்மா, "கூட்டாளிகளோடு, பேரோடு படுத்திருந்தால் அது வீடுதான். நான் போய் வைத்துவிட்டு வருகிறேன்," என்றாராம்.

பிப்ரவரியில் அவர் விமானம் ஏறினார். துணைக்கு அண்ணனும் போனார். மருமகளுக்கு எட்டாம் மாதம் என்பதால் நான் போகவில்லை. திரும்பி வரும் வழியில் அந்த அம்மா எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கினார். குசினிக் கதிரையில் உட்கார்ந்து, முன்னுக்குப் பின்னாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். பட்டாளத்துக்காரர்கள் துப்பாக்கியோடு வரிசையாக நின்றார்களாம். தோட்டத்து ஆட்கள் இரண்டு லாரியில் வந்து உடுக்கை அடித்தார்களாம். பாதிரியார் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் கடைசியில் உடுக்கைக்கே தலையாட்டினாராம். அண்ணன் தோட்டத்துக் கிழவிகளிடம் தனக்குத் தெரிந்த மலாயையெல்லாம் பேசி, பாதிக்கு மேல் திட்டு என்பதால் நல்ல பேர் வாங்கினாராம். என் தம்பி அந்த அம்மாவின் காலில் விழுந்துவிட்டானாம்.

"சாமியோட அக்கான்னா விழத்தானே வேணும்," என்றேன்.

கல்லறைக் கல்லின் படத்தைக் காட்டினார். வெட்டிய பேரை மருமகள் எனக்கு எழுத்து எழுத்தாக வாசித்துக் காட்டினாள்.

இரண்டாம் நாள் அந்த அம்மா விடிந்து வெகுநேரம் வரை தூங்கினார். இவ்வளவு நேரம் தூங்கியதே இல்லை என்று சொல்லிக்கொண்டு எழுந்து வந்தார். தேநீரைக் கையில் வாங்கியதும் மருமகளிடம் ஏதோ மும்முரமாகப் பேசினார்.

"என்னா சொல்றாங்க?"

"மாமி, அவவின்ரை சபையில ஒவ்வொரு ஞாயிறும் காணாமல் போனவைக்கெண்டு தனியாப் பேர் வாசிச்சுச் செபிக்கிறவையாம். இத்தனை வருசமாத் தம்பியின்ரை பேர் அதிலதான். இனி அதில இருந்து எடுத்து, செத்தவையின்ரை பேரோட சேர்க்கச் சொல்லப் போறாவாம். பிள்ளை பிறந்த பிறகு நாங்களும் வரவேணுமெண்டு மே மாசம் முதல் ஞாயிறாம்."

அந்த அம்மா கல்யாணத்துக்கு நாள் குறித்தவர் மாதிரி முகம் நிறைந்து உட்கார்ந்திருந்தார்.

"செபம் முடிய எல்லாருக்கும் சாப்பாடு குடுக்கினமாம். உங்கட வடை வேணுமாம், மாமி. அந்த அதிகாரி சொல்லியிருக்கிறார் போல."

"எத்தனை பேருக்குன்னு கேளு," என்று சொல்லிவிட்டு, பருப்பு டின்னைத் திறந்து பார்த்தேன். பாதிதான் இருந்தது.